மூன்று நாளும் 45 நிமிடமும்: யாழ்ப்பாணத்தில் இருந்து ரயில் நூதனசாலைக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டு, 3 நாள் மினக்கெட்டு, ஏறக்குறைய 27,000 ரூபா செலவழித்து, கடைசியில் ரயில் நூதனசாலைக்குள் நின்ற நேரம் 45 நிமிடம். எடுத்த படங்கள் 212. அதிலே ஒருவருக்குக் காட்டி, "இது இன்ன எஞ்சின், இன்ன இலக்கம்" என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை 30 கூட இல்லை. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது அழுகைதான் வந்தது. போக முன்னம் யாராவது ஒருவர் பத்து நிமிடம் இருந்து கதைத்திருந்தால் இதில் முக்கால்வாசிப் பிழையும் நடந்திராது. அந்தப் பத்து நிமிடக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பிழை, பழைய தகவலை நம்பிக் கொழும்புக்குப் போனது. மருதானையில் இருக்கும் பழைய கொழும்பு ரேர்மினஸ் கட்டடத்தில் 2009 இல் ஒரு ரயில் நூதனசாலை திறந்தது உண்மை. ஆனால் இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கி 150 வருடம் நிறைந்த 2014 டிசம்பர் 27 இல் கண்டிக்குக் கிட்ட இருக்கும் கடுகண்ணாவையில் தேசிய ரயில் நூதனசாலை திறக்கப்பட்டது; மருதானையில் இருந்ததன் இடத்தை அது எடுத்துக்கொண்டது. (1864 டிசம்பர் 27 இல் கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் போன நாளை வைத்தே அந்தத் தேதி.) இணையத்திலும் பழைய சுற்றுலாக் கைநூல்களிலும் மருதானை விலாசம் இன்னும் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு 2025 மாசியில் கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில் போய் இறங்கி, மருதானைக்கு நடந்து, ஒரு முழுநாளையும் லொட்ஜுக்குக் கொடுத்த 6,500 ரூபாவையும் இழந்தேன். எந்த நூதனசாலை என்றாலும் சரி, தகவல் எந்த வருடத்தில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகு, அந்த ஊர் ஸ்ரேசனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, "நாளைக்குத் திறந்திருக்குமா, எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். போயா நாள், நீண்ட விடுமுறை வரும் கிழமை என்றால் கட்டாயம் கேளுங்கள்.

இரண்டாவது பிழை இன்னும் சின்னது, ஆனால் அதுதான் நேரத்தைத் தின்றது. அடுத்த நாள் காலை கோட்டையில், "இந்தக் கோச்சி கண்டிக்குப் போகுமா, கடுகண்ணாவைப் பக்கமாகவா போகும்" என்று கேட்டேன். போகும் என்றார்கள். போனது. கடுகண்ணாவை ஸ்ரேசனை யன்னலால் பார்த்துக்கொண்டே கடந்து போனேன். நான் ஏறியது நகர்சேர் கடுகதி, அது அங்கே நிற்கவில்லை. கண்டியில் இறங்கி, ஏறக்குறைய 16 கிலோமீட்டர் ஓட்டோவில் திரும்பி வந்து சேர்ந்தபோது மணி மூன்றே கால். நாலு மணிக்குப் பூட்டுவோம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். ரயிலைப் பற்றிக் கேட்கும்போது "போகுமா" என்று கேட்காதீர்கள், "நிற்குமா" என்று கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தார் கொழும்புக்குப் போகவே தேவையில்லை என்பதுதான் நான் பிறகு விளங்கிக்கொண்ட பெரிய விசயம். வடக்குப் பாதையும் மலைநாட்டுப் பாதையும் பொல்கஹவெலவில்தான் சேருகின்றன. அங்கே நிற்கிற கோச்சி ஒன்றில் போய் இறங்கி, கண்டிப் பக்கம் போகும் மெதுவான கோச்சிக்கு மாறினால் ரம்புக்கனை, பலன தாண்டி நேராகக் கடுகண்ணாவையில் இறங்கலாம். நூதனசாலை ஸ்ரேசனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாறுவதற்கு ஒன்றரை மணித்தியாலமாவது இடைவெளி வையுங்கள். வடக்குக் கோச்சி பிந்தினால் இணைப்பு போய்விடும். இரண்டாவது வழி, இரவு பஸ்ஸில் ஏ9 ஆல் கண்டிக்குப் போய், விடிய முகம் கழுவிச் சாப்பிட்டு, கொழும்பு வீதியால் போகும் சாதாரண பஸ்ஸில் கடுகண்ணாவையில் இறங்குவது. களைப்பு கூடத்தான், ஆனால் காலை 9 மணிக்கு வாசலில் நிற்கலாம். படம் எடுக்கிற ஆளுக்கு அந்தக் காலை வெளிச்சம் பெறுமதியானது.

எந்த வழி என்றாலும், பாதை திறந்திருக்கிறதா என்று வெளிக்கிட முன்னம் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிலும், 2024 இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலும் திருத்த வேலைக்காக வடக்குப் பாதை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2025 நவம்பரில் வந்த டித்வா புயலில் மலைநாட்டுப் பாதை பல இடத்தில் மண்சரிவால் அடிபட்டது. போன வருடம் ஓடியது இந்த வருடமும் ஓடும் என்று நினைத்து லொட்ஜுக்கு முற்பணம் கட்டாதீர்கள்.

ரம்புக்கனையில் இருந்து கடுகண்ணாவை வரையான ஏற்றம் நூதனசாலையின் ஒரு பகுதி மாதிரித்தான். 45 அடி போனால் ஒரு அடி ஏறும் சரிவு. வீதியில் அது ஒன்றுமே இல்லை. உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் பிடிக்கும் பிடி மிகக் குறைவு என்பதால் ரயிலுக்கு அது மலை. மழை நாளில் சில்லு வழுக்காமல் இருக்க எஞ்சின் தண்டவாளத்தில் மணல் தூவும். நூதனசாலையில் பழைய எஞ்சினைப் பார்க்கும்போது சில்லுக்கு முன்னால் தண்டவாளத்தை நோக்கி இறங்கும் ஒரு மெல்லிய குழாயைத் தேடுங்கள், அதுதான் மணல் குழாய். இந்த ஏற்றத்தை ரயிலில் இருந்து அனுபவித்துவிட்டு உள்ளே போனால், அங்கே நிற்கும் இரும்பு ஏன் அவ்வளவு பாரமாகச் செய்யப்பட்டது என்று விளங்கும். கண்டி நோக்கிப் போகும்போது வலப்பக்க யன்னலில் இருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் திறக்கும்.

இனி உள்ளே. குறைந்தது மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதல் அரை மணித்தியாலம் கமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு சுற்று நடவுங்கள். வெளியே நிற்கும் எஞ்சின், பெட்டிகளில் எதன் மேல் வெயில் இப்போது விழுகிறது, எதன் மேல் பிறகு விழும் என்று பார்த்து வரிசை போடுங்கள். நான் வாசலில் இருந்து கண்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அதனால் முதல் எஞ்சினுக்கு 40 படம், கடைசி அறைக்கு 3 படம்.

கறுப்பு எஞ்சின் கமராவை ஏமாற்றும். கமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். படம் முழுக்கக் கறுப்பு இரும்பு நிறைந்தால், வெளிச்சம் போதாது என்று நினைத்துக் கூட்டிவிடும். எஞ்சின் வெளிறிப்போன சாம்பலாகவும் பின்னால் வானம் வெறும் வெள்ளையாகவும் வரும். வெளிச்சத் திருத்தத்தை மைனஸ் முக்காலில் இருந்து மைனஸ் ஒன்றுக்குள் வையுங்கள். தொலைபேசியில் என்றால் எஞ்சினைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும். சாரதி அறைக்குள் இதற்கு நேர் எதிரான சிக்கல்: உள்ளே இருட்டு, யன்னலுக்கு வெளியே கண்கூசும் வெளிச்சம். ஒரே இடத்தில் அசையாமல் நின்று இருண்டது, நடுத்தரம், வெளிறியது என மூன்று படம் எடுத்து வைத்தால் பிறகு சேர்க்கலாம். பிளாஷ் போட்டால் பித்தளைக் குழாயும் அழுத்தமானிக் கண்ணாடியும் வெள்ளைப் புள்ளியாக வெடிக்கும், மற்றதெல்லாம் இன்னும் இருட்டாகும்.

முழு எஞ்சினும் வரவேண்டும் என்று கிட்ட நின்று அகலக் கோணத்தில் எடுக்காதீர்கள். முகம் பெருத்து வால் சிறுத்து, அளவு எல்லாம் பொய்யாகும். பின்னால் போக இடம் இருந்தால் முழு எஞ்சினும் அடங்கும் வரை பின்னால் போய், 35 முதல் 50 மில்லிமீட்டருக்குள் எடுங்கள். இடம் இல்லையென்றால் முழு எஞ்சினை விட்டுவிட்டு சில்லுகளை மட்டும் பக்கவாட்டில் வரிசையாக எடுங்கள். நீராவி எஞ்சினைச் சில்லுக் கணக்கால்தான் இனம் காண்பார்கள்: முன்னால் வழிகாட்டும் சில்லு எத்தனை, நடுவில் இழுக்கும் பெரிய சில்லு எத்தனை, பின்னால் தாங்கும் சில்லு எத்தனை. இலங்கையில் அதிகம் ஓடிய பி1 வகை 4-6-0. முன்னால் நாலு, நடுவில் ஆறு, பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும், இதை மறந்தால் கணக்கு பாதியாகும்.

அகலப் பாதைக்கும் குறுகிய பாதைக்கும் உள்ள வித்தியாசத்தையும் கண்ணால் பார்க்கலாம். எங்கள் வடக்குப் பாதை உட்பட இன்றைக்கு ஓடும் பாதை 1,676 மில்லிமீட்டர். களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1990களில் அகலமாக மாற்றப்படும் வரை 762 மில்லிமீட்டர், பாதிக்கும் குறைவு. குறுகிய பாதை எஞ்சினைப் பக்கத்தில் நின்று எடுத்தால் இது தெரியவே தெரியாது. முழங்காலில் இருந்து, லென்ஸைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி, நேர் முன்னால் இருந்து எடுக்க வேண்டும். அருகில் அகலப் பாதை எஞ்சினையும் அதே உயரம், அதே தூரத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என்னை அதிகம் நோகடித்த இழப்பு, இலக்கம் இல்லாத படங்கள். வடிவான படம் கிடக்கிறது, ஆனால் எது எதுவென்று தெரியாது. அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, விடாமல் செய்ய வேண்டும்: முதலில் விளக்கப் பலகை, அடுத்தது எஞ்சின் இலக்கம், அடுத்தது செய்த கொம்பனியின் தகடு, அதன் பிறகுதான் எஞ்சின். அந்தத் தகடு பெரும்பாலும் பித்தளையிலோ வார்ப்பிரும்பிலோ இருக்கும். கொம்பனிப் பெயர், ஊர், தொழிற்சாலை இலக்கம், வருடம் நாலும் அதில் இருக்கும். பல தடவை பெயின்ற் பூசி எழுத்து மழுங்கியிருக்கும். நேரே நின்று எடுத்தால் வெறும் கறுப்புத் தட்டுத்தான் வரும். சின்ன ரோச் ஒன்றைத் தகட்டின் ஒரு ஓரத்தில், தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் மறுபக்கம் நிழல் விழுந்து, மழுங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். கோயில் கல்வெட்டு வாசிக்கிற ஆக்களும் இப்படித்தான் செய்வார்கள்.

இலக்கத்துக்கு முன்னால் வரும் ஆங்கில எழுத்தும் முக்கியம். எம் என்றால் பிரதான பாதையில் ஓடும் டீசல் மின் எஞ்சின், எஸ் என்றால் எஞ்சினும் பெட்டியும் சேர்ந்த தொடர், டபிள்யூ என்றால் டீசல் எஞ்சினின் விசையை எண்ணெய் ஊடாகச் சில்லுக்குக் கடத்தும் வகை, வை என்றால் ஸ்ரேசன் முற்றத்தில் பெட்டி மாற்றுகிற சின்ன எஞ்சின். எம்2 வகையை மட்டும் வடிவாகக் கவனியுங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 இல் கனடா கொடுத்த முதல் எஞ்சின்களுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர் வைத்தார்கள்: 569 ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா. எங்களுடைய ஆக்கள் ஒன்ராறியோவுக்குப் போய்க் குடியேற எத்தனையோ வருடத்துக்கு முன்னமே ஒன்ராறியோ இங்கே வந்து ஓடியிருக்கிறது. அந்த வகை எஞ்சின்கள் அறுபது வருடத்துக்கு மேல் வேலை செய்ததை நினைக்கும்போது, அவற்றைத் திருத்தித் திருத்தி ஓட்டிய பட்டறைத் தொழிலாளர்கள் மேல்தான் மரியாதை வருகிறது.

உள்ளறைக் கண்ணாடிப் பெட்டிகள் என்னுடைய சட்டையைத்தான் படம் பிடித்தன. வெள்ளைச் சேட் போட்டுப் போனேன். ஒவ்வொரு கண்ணாடியிலும் வெள்ளை நிழல். கடும் நிறத்தில் உடுத்திப் போங்கள். லென்ஸ் மூக்கில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுக் கண்ணாடிக்குக் கிட்டக் கிட்டக் கொண்டுபோனால், பக்கத்தால் வரும் வெளிச்சம் அடைபட்டுவிடும். கண்ணாடியில் சாய வேண்டாம்; ஒரு விரல் இடைவெளி விட்டாலே போதும். தொலைபேசிக்கு ஒரு கறுப்புத் துணியைச் சுற்றிப் பிடித்தால் அதே வேலை நடக்கும்.

இந்த அறைகளில் தவறவிடக்கூடாதது டெப்லட் இயந்திரம். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு கோச்சி எதிரெதிரே வராமல் காத்த கருவி அது. இரண்டு ஸ்ரேசனில் இரண்டு இயந்திரம், நடுவில் மின்கம்பித் தொடர்பு. ஒரு ஸ்ரேசன் மணி அடித்துக் கேட்கும், மற்ற ஸ்ரேசன் சம்மதம் கொடுத்தால்தான் உள்ளே இருக்கும் வட்டத் தகடு வெளியே வரும். ஒரு தகடு வெளியே வந்தால், அதைத் திரும்ப ஏதாவதொரு இயந்திரத்துக்குள் போடும் வரை இரண்டு இயந்திரமும் பூட்டு. இன்னொரு தகடு வராது. அந்தத் தகட்டைத் தோற்பையில் போட்டு, பெரிய வளையம் ஒன்றில் மாட்டிச் சாரதியிடம் கொடுப்பார்கள். தகடு கையில் இல்லாமல் அவர் அடுத்த ஸ்ரேசனுக்கு வண்டியை எடுக்க ஏலாது. மலைநாட்டுப் பாதையில் இந்த வளையம் கைமாறுவதை நேரிலும் காணலாம். தகட்டின் விளிம்பையும், அதில் பொறித்த ஸ்ரேசன் பெயர்களையும், வளையம் கைபட்டுத் தேய்ந்த இடத்தையும் கிட்டப் பிடியுங்கள். நான் இயந்திரத்தின் முகப்பை மட்டும் ஒரு படம் எடுத்துவிட்டு, தகட்டை விட்டுவிட்டேன்.

தடித்த மட்டை ரிக்கற்றுகளும் அப்படித்தான். 57 க்கு 30 மில்லிமீட்டர் அளவு. 1830களில் இங்கிலாந்தில் தோமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்ரேசன் உத்தியோகத்தர் தொடக்கிய முறை உலகெங்கும் பரவி எங்களிடமும் வந்தது. படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் ஒன்றை அல்லது ஒரு நாணயத்தை வையுங்கள், இல்லாவிட்டால் படத்தில் அது கதவளவும் தெரியும், கடுகளவும் தெரியும்.

மெமரி காட் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பில் நடைபாதைக் கடையில் 2,200 ரூபாவுக்கு வாங்கிய 128 ஜிபி காட், உண்மையில் அவ்வளவு கொள்ளளவு இல்லாத போலி. அளவு நிரம்பியதும் புதுப் படம் பழைய படத்தின் மேல் எழுதப்பட்டது; கமரா எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் எடுத்த ஐம்பது அறுபது படம் அப்படியே போயிற்று. புதுக் காட் வாங்கினால் பயணத்துக்கு முன் வீட்டில் வைத்து முழுவதையும் ஏதாவது வீடியோவால் நிரப்பி, கணினியில் எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள். பெரிய காட் ஒன்றைவிட 32 ஜிபி இரண்டு நல்லது. ஒவ்வொரு இரவும் தொலைபேசிக்கு ஒரு பிரதி எடுங்கள்.

மூன்றாம் நாள் ஓடும் ரயிலை எடுக்கப் போனேன். ஸ்ரேசன் ஒன்றில் பிளட்போம் முனைக்குப் போய் முக்காலியை விரித்த உடனேயே ஒரு உத்தியோகத்தர் வந்து நிறுத்தினார். அவர் செய்தது சரி. கையில் பிடித்து நாலு படம் எடுப்பதென்றாலும், ரிக்கற் எடுத்துக்கொண்டு, ஸ்ரேசன் மாஸ்ரரிடம் போய், "ஐயா, ரயில் படம் எடுக்க ஆசை, எங்கே நிற்கலாம்" என்று கேட்டால் பெரும்பாலும் நல்ல இடத்தை அவரே காட்டுவார். எதிர்க் கோச்சி எத்தனை மணிக்குக் கடக்கும் என்றும் அவரிடம்தான் அறியலாம். முக்காலி, கலியாணப் படம், விளம்பர வீடியோ என்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேறு. வடக்கில், காவல் இருக்கும் பாலத்தையும் முகாமையும் படத்துக்குள் வரவே விடாதீர்கள். பின்னணியில் தற்செயலாக வந்தாலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

வேகக் கணக்கு ஒன்று சொல்கிறேன், மனதில் வையுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் கோச்சி ஒரு செக்கனில் 25 மீட்டர் போகும். கமராவின் ஷட்டர் வேகத்தை ஒரு செக்கனின் 500 இல் ஒரு பங்கில் வைத்தால் அந்த நேரத்துக்குள் 5 சென்ரிமீட்டர் நகர்ந்துவிடும். பக்கவாட்டில் எடுத்தால் இலக்கம் வாசிக்க ஏலாது. பக்கவாட்டுக்கு 2000 இல் ஒன்று வேண்டும். முன்பக்கம் சாய்வாக வரும்போது எடுத்தால் 1000 இல் ஒன்று போதும், ஏனென்றால் படத்துக்குள் அது குறுக்கே நகர்வது குறைவு. தொலைபேசி படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால், பக்கவாட்டில் எடுத்த பெட்டிகள் சாய்ந்து போய் நிற்கும். தொலைபேசிக்காரர் முன்பக்கச் சாய்விலேயே எடுக்க வேண்டும்.

அதே கணக்கு உயிருக்கும். 200 மீட்டரில் தெரியும் கோச்சி 8 செக்கனில் உங்களிடம் வந்துவிடும். நீளமான லென்ஸுக்குள் பார்க்கும்போது தூரம் நசுங்கி, அது நகராமல் நிற்பது போலவே இருக்கும். எதிர்க்காற்று அடித்தால் சத்தமும் பிந்தித்தான் கேட்கும். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம்; அதற்கு நடுவில் நின்று படம் எடுப்பது சாவோடு விளையாடுவது. எங்கள் பக்கத்துப் பாதுகாப்பில்லாத கடவைகளில் எத்தனை குடும்பம் ஆளை இழந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வேலிக்கு வெளியே, வீதியோரத்தில், அல்லது பிளட்போமில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். அங்கே இருந்து வராத படம் வேண்டாம்.

இவ்வளவு தூரம் போய் வந்த பிறகுதான் வீட்டு வாசலில் ஓடும் பாதையை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். வெயில் கணக்கை இங்கே பழகுவது மிகவும் சுலபம். கொக்குவிலில் இருந்து காங்கேசன்துறை வரை பாதை ஏறக்குறைய வடக்கு நோக்கிப் போகிறது. காலையில் கிழக்குப் பக்கமும் பின்னேரம் மேற்குப் பக்கமும் நில்லுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து நாவற்குழி தாண்டிச் சாவகச்சேரி வரை அது கிழக்கு மேற்காகப் போகிறது. அங்கே மார்கழி, தை மாதங்களில் வெயில் நாள் முழுக்கத் தெற்கால் விழும், ஆகவே தெற்குப் பக்கம் நிற்க வேண்டும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி மதியச் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு ஓகஸ்ட் கடைசி வரை வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்குப் பக்கம். எந்த மாதம் என்றாலும் பத்தரைக்கும் இரண்டரைக்கும் இடையில் எடுத்தால் பெட்டிக்குக் கீழே சில்லெல்லாம் கறுத்த நிழல்தான்.

ஆனையிறவில் பரவைக் கடலோரம் கோச்சி வரும் காட்சியைப் போல இந்த நாட்டில் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அங்கே உப்புக் காற்று. வீட்டுக்கு வந்ததும் சற்று ஈரமான துணியால் கமரா உடம்பைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். லென்ஸ் கண்ணாடியை முதலில் ஊதி மணலை அகற்றாமல் துடைத்தால் கீறல் விழும். மாரியில் கமராவைத் தோல் பையில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். இறுக்க மூடும் பிளாஸ்ரிக் டப்பாவில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணியோடு வையுங்கள்.

நூதனசாலையில் நின்றபோது மனதை அரித்தது இதுதான்: எங்கள் பாதையின் கதையை யார் வைத்திருக்கிறார்கள்? 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத் தொடங்கி, 1905 இல் தெற்கோடு இணைந்து, 1956 ஏப்ரல் 23 முதல் யாழ்தேவி ஓடி, 1990 ஜூனில் நின்றுபோய், 2014 ஒக்ரோபர் 13 இல் திரும்ப யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வந்த பாதை. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போயிற்று, ஸ்ரேசன்கள் சுவராய் நின்றன. 24 வருடம் ஒரு தலைமுறை கோச்சியையே காணாமல் வளர்ந்தது. அதற்கு முந்திய படங்கள் வீட்டு அல்பங்களில்தான் இருக்கின்றன: மாமாவை வழியனுப்பப் போனபோது எடுத்தது, பின்னால் தற்செயலாக எஞ்சின் நிற்கும், பள்ளிக்கூடச் சுற்றுலா, பின்னால் பெயர்ப்பலகை தெரியும்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் தொலைபேசியால் அவசரமாக எடுத்து அனுப்பிவிட்டு மூலத்தை மறந்துவிடாதீர்கள். ஸ்கான் செய்ய வசதி இருந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி (600 dpi) அளவில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் எடுங்கள். பின்னால் இருக்கும் ஸ்ரூடியோ முத்திரையும் கையெழுத்தும்தான் தேதியைச் சொல்லும். ஸ்கானர் இல்லையென்றால் படத்தை மேசையில் தட்டையாக வைத்து, யன்னல் வெளிச்சம் பக்கத்தால் வர, கமராவை நேர் மேலே பிடியுங்கள். பளபளப்பான படம் என்றால் வெளிச்சம் இரண்டு பக்கமும் 45 பாகையில் வரவேண்டும், நேர் மேலே மின்குமிழ் எரியக்கூடாது. ஒட்டும் தாள் உள்ள அல்பத்தில் பிடித்துப்போன படத்தை இழுக்காதீர்கள், உரிந்துவிடும். தாளோடு சேர்த்தே எடுங்கள். பிறகு வீட்டில் உள்ள பெரியவரைப் பக்கத்தில் இருத்தி, எந்த ஸ்ரேசன், எந்த வருடம், யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்டு, படத்தின் பின் ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனாவால் எழுதினால் மை சில வருடத்தில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும். அவருக்கு வருடம் நினைவில்லை என்றால் "சின்னவள் பிறந்த வருடம்" என்று சொன்னாலும் அதை அப்படியே எழுதுங்கள். வருடத்தைப் பிறகு கண்டுபிடிக்கலாம்.